எண்ணினா வந்துடும்

ஊட்டியில் ஒரு தோடர் அக்கா, அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்குளிச் சால்வையில் பூவேலை போட்டுக்கொண்டிருந்தார்.

வரைந்த கோடு இல்லை, துணியை மாட்டும் சட்டம் இல்லை. வெள்ளைத் துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பு நூலைக் கோக்கிறார். ஒவ்வொரு தையலிலும் நூலைத் துளி தளர்த்தி விடுகிறார். பூவேலை புடைப்பாகத் தெரிவது அதனால்தான்.

"வரைஞ்சுக்க மாட்டீங்களாக்கா?"

"எதுக்குங்க? எண்ணினா வந்துடும்."

சட்டெனச் சிற்பி மிருணாளினி முகர்ஜி ஞாபகம். பரோடாவில் ஓவியர் கே.ஜி.சுப்ரமணியனிடம் படித்தவர். சாயமேற்றிய சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். அவரும் முன்கூட்டி வரைந்துகொள்ளாதவர்.

அவர் செய்தது சிற்பமா கைவினையா என்ற பேச்சு கூடவே வந்தது. 2015-ல் இறந்தார். நியூயார்க் மெட் அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தது 2019-ல்.

கல்லில் செதுக்கியிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது என்பது என் கணிப்பு.