செங்காவி: சுட்டதா, சுடாததா?

பிப்ரவரி 3
அகழாய்வில் கிடைத்த காவிக் கல் துண்டுகள் (இரும்பு கலந்த நிறமண்) ஆய்வுக்கு வந்திருக்கின்றன; சிவப்பு இயற்கையானதா, மஞ்சள் காவியைச் சுட்டு வந்ததா என்பதே கேள்வி. அவற்றுக்குக் குளியல் கிடையாது. தேய்ந்த முகத்தில் கீறல், எலும்புத் துகள், பிசின் மிச்சம் என்று எது இருந்தாலும் தண்ணீரோடு போய்விடும். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் கிடைத்த, சுமார் 1,00,000 ஆண்டுப் பழைய அபலோன் என்ற கடல் நத்தையின் ஓடுகளில் காவியோடு நொறுக்கிய எலும்பும் கரியும் சேர்ந்திருந்ததைச் சொல்ல முடிந்தது, கலவை ஓட்டிலேயே ஒட்டிக் கிடந்ததால்தான். பவுடர் போட்ட கையுறையும் வேண்டாம்; அதன் மாவுச்சத்து நுண்ணோக்கியில் பழங்கால மாவுச்சத்தாக வேடம் கட்டும்.

பிப்ரவரி 4
மன்செல் அட்டையில், அதாவது நிறங்களுக்கு எண் தரும் ஒப்பீட்டு அட்டையில், நிறம் குறித்தாயிற்று. ஈரத்தில் ஓர் எண், காய்ந்தால் வேறோர் எண். எந்த நிலையில் பார்த்தது என்று எழுதாத எண் எதற்கும் உதவாது.

பிப்ரவரி 6
ராமன் நிறமாலை: லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் முறை. ஹேமடைட் (சிவப்பு இரும்பு ஆக்சைடு) என்றால் 225, 292, 411 செ.மீ⁻¹ அருகே முகடுகள். கோத்தைட் (நீர் சேர்ந்த மஞ்சள் இரும்புக் கனிமம்) என்றால் 385 அருகே வலுவான முகடு. லேசரை 1 மில்லிவாட்டுக்குக் கீழே வைத்துத் தொடங்க வேண்டும். கூட்டினால் சூட்டில் கோத்தைட்டே ஹேமடைட்டாகிவிடும்; மஞ்சள் காவியைச் சிவப்பாக்கியது ஆதிமனிதனா நம் கருவியா என்று பிறகு பிரிக்க வழியில்லை. அதே புள்ளியை இரண்டாம் முறை எடுத்து, 385 தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பிப்ரவரி 10
எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு: கதிர் எந்தக் கோணங்களில் வளைந்து வருகிறது என்பதை வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் முறை. செம்புக் குழாய் போட்டால் இரும்பு ஒளிர்ந்து பின்னணி எகிறும். கோபால்ட் குழாய்தான் சரி. ஹேமடைட்டின் கோடுகளில் (104, 110 என்பவை படிகத் தளங்களின் பெயர்கள்) 38.7 பாகையில் வரும் 104 கோடு அகன்றும், 41.6-இல் வரும் 110 கோடு கூர்மையாகவும் இருந்தால், கோத்தைட் 250–300 டிகிரி செல்சியஸில் நீர் இழந்து சிவந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்துவதே நேர்மை. சூடு 800-ஐத் தாண்டினால் படிகம் சீராகி இந்தத் தடயமே அழியும். இயற்கையான சிதைவிலும் இதே அகலம் வருவதுண்டு. வேண்டுமென்றே சுட்டார்களா என்பது அடுத்த கேள்வி: மேல் அடுக்கில் மூட்டிய அடுப்பின் சூடு கீழே புதைந்த மஞ்சள் காவியையும் சிவக்க வைக்கும். துண்டைச் சுற்றிய மண்ணின் காந்த ஏற்புத்திறனை (மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்ற அளவு; சூடு பட்டால் மாறும்) அளக்காமல் 'சுட்ட காவி' என்று எழுதுவது அவசரம்.

பிப்ரவரி 13
மூலம் தேடல்: காவி எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று பார்ப்பது. அதற்கு மாதிரியை அரைத்துத் தனிமங்களை அளக்க வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு உரல் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் மாதிரியில் கலக்கும், எஃகு உரல் இரும்பையும் குரோமியத்தையும். அகேட் என்ற கடினக் கல்லால் ஆன உரலில் அரைக்கவும். களிமண்ணும் குவார்ட்சும் கூடக் கூட மற்ற தனிமங்களின் அளவு நீர்த்துத் தெரியும் என்பதால், ஆர்சனிக், ஆன்டிமனி, வனேடியம் போன்றவற்றை இரும்புக்கான விகிதமாக்கி, மடக்கை எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும். ஒரே பாறைக்குள் உள்ள வேறுபாடு இரு பாறைகளுக்கிடையே உள்ளதைவிடக் குறைவு என்று காட்டாமல் இதுதான் மூலம் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு பாறையிலும் ஒரே இடத்தில் கொத்தாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் பல துண்டுகள் எடுத்துவரச் சொல்லியிருக்கிறது.