காலில் தண்ணீர் படக்கூடாது

சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் புண் வந்தால், அது ஆறும் வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்? விரல்களில் துணியைச் சுற்றி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பவர் அவர். கல் கீறிய காலோடு மறுநாளும் கடலில் இறங்கினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். விசைப்படகு வைத்திருப்பவருக்கும் சர்க்கரை வருகிறது, புண்ணும் வருகிறது. ஆனால் படகு ஆட்களோடு கடலுக்குப் போய்விடும், அவர் காலை நீட்டி வீட்டில் இருக்கலாம். இந்த இருவருக்கும் நடுவே படகு ஓட்டுபவர், மீனில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வேலைக்குப் போகிறவர், கருவாடு காய வைப்பவர் என்று பலர் நிற்கிறார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஓய்வெடுக்கும் உரிமை கொஞ்சம் குறைகிறது.

படி இறங்க இறங்க நோயின் பாதிப்பு கூடுவதற்கு வறுமை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. எல்லோருக்கும் நிலையான வேலையும் இலவச மருத்துவமும் இருந்தன. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உயர் அதிகாரிகளுடையதைப் போல் சுமார் மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது.

பாசிப் பெண்கள் இறங்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைகளைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கடலில், எந்த நாளில் இறங்கலாம் என்பது அந்தப் பெண்களின் கையை விட்டுப் போனது. அந்தக் கவலையையும் நோயின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, மனமார வரவேற்கிறேன். அதோடு, மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுப்பதுபோல, புண் ஆறும் வரை கரையில் இருக்க வேண்டிய பாசிப் பெண்ணுக்கும் அந்த நாட்களின் கூலியைக் கொடுக்க வேண்டும்.