பின் சீட்டிலிருந்து ஹுவே

2024 மார்ச் 11, திங்கள்

பேர் கேட்பதற்கு முன்னால் வயசைக் கேட்டார்கள். வியட்நாமில் அது வம்பு இல்லை, இலக்கணம். எதிரே நிற்பவர் அக்காவா, தம்பியா, சித்தப்பாவா என்று தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும். எனக்கு 34, மோட்டார் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு வழிகாட்டப்போகிறவருக்கு 45. ஆக அவர் 'சி', அதாவது அக்கா. நான் 'எம்', அவருக்குத் தம்பி. என் மனைவியை ஏற்றிச் செல்ல வாய்த்தவர் 24 வயதுப் பையன். அவளை அவனும் 'சி' என்கிறான். அரை நிமிஷத்தில் நால்வரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டோம்.

சாயங்காலம் கோட்டைக்குள் ஒரு சுற்று. 1802 முதல் 1945 வரை வியட்நாமுக்குத் தலைநகர் இந்த ஹுவே ஊர்தான். மதில் மட்டும் சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவு. வாசல் வளைவு அவ்வளவு குறுகல். எதிரே கார் வந்தால் அக்கா முழங்காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார், நானும். உள்ளே அரண்மனை மட்டும் இல்லை: வீடு, பள்ளிக்கூடம், கீரைப் பாத்தி. வியட்நாம் போரில், 1968-இல், அரண்மனைக் கட்டடங்கள் பெரும்பாலும் தரைமட்டமாகிவிட்டன. அடித்தளக் கற்கள் மட்டும் நிற்கும் இடங்களில் இப்போது புல்.

மார்ச் 12, செவ்வாய்

ஊரைத் தாண்டியதும் வயல். வரப்பு மாதிரி ஒடுங்கிய சிமென்ட் பாதையில் தான் தொவான் பாலம் வரை போனோம். மரப்பாலம், மேலே ஓட்டுக்கூரை, இருபுறமும் உட்காரப் பலகை. 1776-இல் திரான் தி டாவ் என்ற பெண்மணி தன் காசில் கட்டிக்கொடுத்தது. பாலத்தின் நடுவில் அவருக்கு ஊதுவத்தி புகைகிறது. பலகையில் இரண்டு பெரியவர்கள் நல்ல தூக்கம். நினைவுச்சின்னத்துக்கு இதைவிட மரியாதை வேறென்ன!

மதியம் பான் பேவோ. அரிசி மாவைக் குட்டிப் பீங்கான் தட்டுகளில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மேலே இறால் பொடி தூவுகிறார்கள். மூங்கில் கரண்டியால் வழித்துத் தின்ன வேண்டும். என் பக்கம் 14 காலித் தட்டு. பையன் எண்ணிவிட்டுச் சிரித்தான்.

இறங்கும்போது வலப்பக்கம் இறங்கித் தொலைத்தேன். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்டு, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அக்கா பதறவே இல்லை. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து விடாமல் ஊற்றினார். பிறகு தன் பேண்ட்டைச் சுருட்டி, அதே இடத்தில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

மார்ச் 13, புதன்

டு டுக் மன்னரின் சமாதி. 1864-இல் தொடங்கி 1867-இல் முடித்தார்களாம். சமாதி என்றால் கல்லறை மட்டும் என்று நினைத்திருந்தேன். குளம், படகுத்துறை, குளத்தின் மேல் கவிதை எழுத மண்டபம்... ஆள் உயிரோடு இருக்கும்போதே இங்கே வந்து தங்கியிருக்கிறார். உடல் இதற்குள் இல்லை, வேறெங்கோ ரகசியமாகப் புதைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

முதலில் வைத்த பெயர் 'வான் நியென்', பத்தாயிரம் ஆண்டு என்று அர்த்தம். வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்கள் 1866-இல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளைத் தூக்கிக்கொண்டு கலகம் செய்தார்கள். அடக்கிவிட்டார்கள். ஆனால் பெயர் மாறியது: 'கியெம்', பணிவு! வாசல், மண்டபம், குளம் எல்லாவற்றின் பெயரிலும் இந்தப் பணிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டிக்கெட் கவுண்டரில் கிடைக்கும் தாளில் இருப்பதைத்தான் அக்கா அதுவரை ஒப்பித்துக்கொண்டிருந்தார். குளக்கரையில் குரலைத் தாழ்த்தி, ஜனங்கள் அந்தக் காலத்தில் கட்டிய இரண்டு வரியைச் சொன்னார். 'எந்தப் பத்தாயிரம் ஆண்டு? மதில் சிப்பாய் எலும்பு, அகழி குடிகள் ரத்தம்.' பாட்டியிடம் கேட்டதாம்.

மன்னருக்குப் பிள்ளை இல்லை. தகப்பனுக்கான கல்வெட்டை மகன் எழுதுவதுதான் வழக்கம்; இவர் தானே எழுதிக்கொண்டார். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் ஒற்றைக்கல், முழுக்கச் சீன எழுத்து. தன் குறைகளையும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கலகக்காரர்களுக்கு எங்கே கல் இருக்கிறது என்று கேட்டேன். அக்கா வண்டிச் சாவியைத் தேடினார்.

மார்ச் 14, வியாழன்

தூறல். தியென் மூ பகோடாவில் ஏழு நிலைக் கோபுரத்தைவிடப் பின்கட்டில் நிற்கும் ஆஸ்டின் காரின் முன்னால்தான் நெரிசல். பௌத்தர்கள் மீதான அரசின் ஒடுக்குமுறையை எதிர்த்து 1963 ஜூன் 11 அன்று சைகோனில் தீக்குளித்த துறவி திக் குவாங் டக் வந்திறங்கிய கார். வெளிர்நீலம், அங்கங்கே துரு. பையன் கைகூப்பினான். யாரும் பேசவில்லை.

திரும்பும்போது மழை வலுத்தது. அக்காவின் ரெயின்கோட் அகலமானது. பின் பகுதிக்குள் என்னைப் புகச் சொன்னார். ஹுவேயில் கடைசி அரைமணி நேரம் நான் பார்த்தது என் செருப்பையும் அடியில் ஓடும் ஈரத் தார்ச்சாலையையும்தான். ஒரு இடத்தில் ஊதுவத்தி வாசனை, ஒரு இடத்தில் ஆட்டம், அப்புறம் பாலத்தின் காற்று. தலையை நீட்டப்போனேன்.

"உள்ளே இரு, எம்!"

ஸ்டேஷன் வந்ததும் இடப்பக்கம் இறங்கினேன்.