குயினைன் சரியா ஒளிரலையா? குளோரைடைத் தேடுங்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஃப்ளூரசன்ஸ் (ஒளி பட்டதும் ஒரு பொருள் திருப்பி விடுற ஒளி) எடுக்கிற மக்களே, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற குயினைன் சல்பேட் ஸ்டாண்டர்டை 0.05 மோலார் சல்ஃப்யூரிக் அமிலத்துலதான் கரைக்கணும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பக்கமே போகாதீங்க, அதுல குளோரைடு இருக்கு. ஒளியை வாங்கிக் கிளர்ந்த குயினைன் மேல குளோரைடு மோதினா ஒளி விடாமலே அடங்கிடும். குயினைன் ஒளியை உறிஞ்சற அளவு மாறாது, அதனால உறிஞ்சலை மட்டும் காட்டுற யூவி ஸ்பெக்ட்ரத்துல கோளாறு தெரியவே தெரியாது.

முட்டம் கடல் தண்ணி 1 மி.லி.யை 50 மி.லி. குயினைன் கரைசல்ல விட்டு யூவி விளக்குல காட்டுங்க. குளோரைடு சுமார் 11 மில்லிமோலார்தான், ஆனா நீல ஒளி ஏறக்குறைய பாதியா மங்கிடும். அவ்வளவு அழகான சோதனை! கடலோர போர் தண்ணியில கழுவின பிளாஸ்க்ல ஒட்டியிருக்கிற துளியும் அளவைக் கொஞ்சம் கெடுக்கும். கடைசிக் கழுவல் காய்ச்சி வடிச்ச தண்ணியில.

350 நானோமீட்டர்ல தூண்டுங்க, அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு) 0.1-க்குக் கீழ இருக்கட்டும். ஸ்பெக்ட்ரத்துல 397 நானோமீட்டர் கிட்ட வர்ற சின்ன முகடு தண்ணியோட ராமன் சிதறல் (தண்ணி மூலக்கூறு ஒளியை அலைநீளம் மாத்திச் சிதறடிக்கிறது), அசுத்தம் இல்ல.