முதலில் டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்

சொந்தமாக வெப்சைட் வைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த தீம் நல்லது, என்ன கலர் வைக்கலாம் என்றுதான். தீம் என்பது சைட்டின் தோற்றம், அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மாற்றிவிடலாம். மாமாவின் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வெப்சைட்டைச் சரிசெய்து தருகிறேன் என்று உட்கார்ந்த எனக்கு உயிரை வாங்கியது டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர்.

சில வருஷம் முன்னால் ஒரு டெவலப்பர் டாட் காம் முகவரி, ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் வாடகை), டிசைன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டு மாமாவுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். வருஷா வருஷம் 'மெயின்டெனன்ஸ்' என்று ஒரு தொகையும் போய்க்கொண்டிருந்தது. டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் நான் பார்த்தபோது எந்தக் கம்பெனியில் பதிவு, எப்போது காலாவதி என்பது மட்டும்தான் தெரிந்தது, பதிவு செய்தவர் பெயரை மறைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், அக்கவுண்ட் வேறொருவர் பேரில் இருக்கிறது, அவர் பேசினால்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மாமாவிடம் பில் இருக்கிறது, ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறது, கடை போர்டு இருக்கிறது. எதுவும் எடுபடவில்லை.

சரி, வேறு பேர் வாங்கிக்கொள்ளலாமே என்றால், விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், டெலிவரி வண்டியின் முதுகு வரைக்கும் பழைய முகவரியைத்தான் எழுதி வைத்திருக்கிறார். காலாவதித் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. டாட் காம் முகவரி புதுப்பிக்காமல் போனால் கொஞ்ச நாள் சலுகைக் காலம் உண்டு, அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம் (அப்போது கேட்கிற அபராதம் கண்ணைக் கட்டும்), அதற்கப்புறம் 5 நாளில் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். இதெல்லாம் மாமாவிடம் சொன்னால், "அந்தத் தம்பி நல்ல பையன் மாப்ள, கேட்டா குடுத்துரும்" என்றார்.

நல்ல பையன் போனை எடுப்பதே அபூர்வம். எடுத்தால் "நாளைக்கு அனுப்பிடறேன் சார்". ஒருநாள், டிரான்ஸ்ஃபர் கோடு (டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கம்பெனியிலிருந்து வரணும், ஒரு மாசம் ஆகும் என்றார். அங்கேதான் பிடி கிடைத்தது. கோடு கேட்டால் 5 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு வைத்திருக்கிற விதி, அதுவும் பெரும்பாலும் அக்கவுண்டுக்குள் நுழைந்தால் அவரே ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். பழைய பில்லில் 'டொமைன் கட்டணம்' என்று தனி வரி இருந்ததா, அதைப் படம் எடுத்து, விதியையும் எழுதி, மரியாதையாக ஒரு மெயில் அனுப்பினேன். போனில் கரையாதவர் மெயிலுக்கு அசைந்தார். எழுத்தில் கேளுங்கள், பேச்சில் கேட்காதீர்கள்.

கோடு வந்தது, எழுத்தாக இல்லை, கம்ப்யூட்டர் திரையை மொபைலில் பிடித்த மங்கலான படமாக. அதில் இருப்பது ஆங்கில 'ஓ'வா பூஜ்யமா என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் போட்டுப் பார்த்து ஒருவழியாக ஏற்றுக்கொண்டது என்று நினைத்தால், டொமைன் பூட்டியிருக்கிறது, டிரான்ஸ்ஃபர் முடியாது என்று திருப்பிவிட்டது. கோடு கேட்கும்போதே 'லாக்கையும் எடுத்துவிடுங்கள்' என்று சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். இன்னொன்று, உரிமையாளர் பெயரை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் டிரான்ஸ்ஃபர் என்று போனால் 60 நாள் பூட்டு விழ வாய்ப்பிருக்கிறது. முதலில் நகர்த்துங்கள், பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சம்மதம் கேட்கிற மெயில் பழைய அக்கவுண்ட் வைத்திருப்பவருக்குத்தான் போகும். அவர் ஒப்புதல் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மறுக்காமல் இருந்தால் போதும், 5 நாளில் தானாக நகர்ந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் நகர்ந்தது. டிரான்ஸ்ஃபருக்குக் கட்டும் காசு தண்டம் இல்லை, காலாவதித் தேதி ஒரு வருஷம் தள்ளிப் போகிறது.

மற்றபடி ஹோஸ்டிங் வாங்குவது, சைட் கட்டும் மென்பொருளான வேர்டுபிரஸ் ஏற்றுவது, பாதுகாப்பான இணைப்புக்கு இலவச எஸ்எஸ்எல் போடுவது எல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை. ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கிற விலையைப் பாருங்கள், அதன் மேல் 18% ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய சைட்டைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. வேர்டுபிரஸ் ரீடிங் செட்டிங்ஸில் தேடுபொறிகள் வராமல் தடுக்க ஒரு டிக் இருக்கும், சைட் கட்டி முடிக்கும் வரை போட்டு வைப்பார்கள். அது அப்படியே கிடந்திருக்கிறது. கூகுளில் பட்டறைப் பேரைத் தேடினால் வெப்சைட் வராமல் மேப் மட்டும் ஏன் வந்தது என்பது இப்போதுதான் விளங்கியது. போகட்டும் என்று தொடர்பு படிவத்தைத் திறந்தால், அதை நிரப்புகிறவர்களின் விசாரணை போய்ச்சேரும் மெயில் முகவரி அந்த டெவலப்பருடையது! எத்தனை பேர் வீடு கட்டும் அவசரத்தில் எழுதிப் போட்டுவிட்டு, பதில் இல்லை என்று வேறு பட்டறைக்குப் போனார்களோ. உங்கள் சைட்டில் இந்த இரண்டையும் இன்றைக்கே பாருங்கள். படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பி அனுப்பி, மெயில் வருகிறதா, வந்தாலும் ஸ்பேமில் விழுகிறதா என்று சோதியுங்கள். ஸ்பேமில் விழுந்தால் மெயிலை முறையான மெயில் சர்வர் வழியாக அனுப்பும் ஒரு எஸ்எம்டிபி பிளகின் போட்டு, மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டொமைனில் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டன் வைத்தால் நம்பரை 91-ல் தொடங்குங்கள், கூட்டல் குறியும் இடைவெளியும் வேண்டாம்.

அடுத்த தலைவலி தமிழ். மாமாவின் பழைய நோட்டீஸ் வாசகம் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. காப்பி செய்து சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது, பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் பழைய எழுத்துரு, அதில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். இதை எல்லாக் கருவியிலும் தெரிகிற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நன்றாகவே மாற்றுகின்றன. ஆனால் நடுவில் இருந்த நிஜ ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கி, வாயில் நுழையாத எதையோ துப்பிவிடும், மாற்றிய பிறகு ஒருமுறை உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். பக்க முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீளும். 'மதுரை' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். வேர்டுபிரஸ் வேறு 200 எழுத்தில் வெட்டிவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், வரி இடைவெளியை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'மு'வின் அடிப்பகுதியும் கீழ்வரியின் 'கீ'யின் மேல்சுழியும் இடித்துக்கொள்ளும்.

படங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் கலர் சிமென்ட் ஊற்றி வார்ப்பதால் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் படம் எடுக்கிறவரின் கையும் மொபைலும் விழுந்துவிடுகின்றன. டியூப்லைட்டில் எடுத்தால் செங்காவிச் சிவப்பு பழுப்பாகிவிடுகிறது, கல் போய் இறங்கிய பிறகு 'படத்தில் வேறு கலர்' என்று சண்டை. காலையில், வெயில் நேராக விழாத தாழ்வாரத்தில், கல்லைச் சற்றுச் சாய்த்து வைத்து எடுத்தால் சரியாக வந்தது. மொபைல் படம் 4, 5 எம்பி இருக்கும், அப்படியே ஏற்றாதீர்கள். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 150 கேபிக்குள் வந்துவிடும். கூகுளின் பேஜ்ஸ்பீட் வேகச் சோதனையில் முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் வந்தால் பாஸ். நூற்றுக்கு நூறு வாங்கத் துடிக்க வேண்டாம், இது பரீட்சை இல்லை. முகப்பில் ஓடிக்கொண்டிருந்த ஸ்லைடரைத் தூக்கியதிலேயே பாதி வேகம் கூடிவிட்டது.

என்ன எழுதுவது என்று தெரியாமல் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் முழ நீளம் எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. மாமாவின் வாட்ஸ்அப்பை வாங்கிப் பார்த்தேன். எல்லாரும் கேட்பது அதே நாலு கேள்விதான்: சதுர அடி என்ன விலை, 8 இஞ்சா 10 இஞ்சா, சென்னைக்கு அனுப்புவீர்களா, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு. அந்த நாலுக்கும் பதிலை முகப்பிலேயே போட்டேன். விலையைப் போடுவதற்கு மாமா லேசில் சம்மதிக்கவில்லை, பக்கத்துப் பட்டறைக்காரன் பார்ப்பானாம். கடைசியில் 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று போட ஒத்துக்கொண்டார். இப்போது வருகிற போன்களில் விலை கேட்டுவிட்டு வைக்கிறவர்கள் குறைந்து, அளவோடும் டிசைனோடும் பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

டொமைன் இப்போது மாமா பேரில், மாமாவின் மெயிலில், தானியங்கிப் புதுப்பிப்போடு இருக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகு போன வாரம் அந்த டெவலப்பரிடமிருந்து வழக்கம்போல வருடாந்திர மெயின்டெனன்ஸ் பில் வந்தது. மாமா அதற்கும் ஜிபே பண்ணப் போனார், போனைப் பிடுங்கி வைத்தேன்.