இரண்டு தடவை ஆஃப் ஆன வண்டி

நண்பர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். போர்ஷே 718 கேமன் ஜிடி4. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், 420 குதிரைத்திறன், ஆறு கியர், மூன்று பெடல், அதாவது கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடும் மேனுவல். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ ரிங் என்ற வளையத்தைச் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி ஆஃப். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரிப்பது தோள் குலுங்குவதிலேயே தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தினமும் ஓட்டுவது ஆட்டோமேட்டிக். ஆறு வருடமாயிற்று. வாங்கிய முதல் நாள் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை அழுத்தி மிதித்ததில், பின்சீட்டில் இருந்த மனைவியின் கைப்பை முன்கண்ணாடி வரை வந்துவிட்டுப் போனது. நெரிசலில் முட்டி வலிக்க ஹாஃப் கிளட்சில் ஊர்வதில் எந்த வீரமும் இல்லை. கியர் போட்டு ஓட்டுகிறவன்தான் டிரைவர் என்று மீசை முறுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அப்புறம் எதற்கு இந்தப் பதிவு என்றால், அன்று இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது மனதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. உலகத்தின் மிக வேகமான வண்டிகளைச் செய்கிறவர்கள், தாங்களே தூக்கிப் போட்ட கியர் லீவரை ஏன் திரும்ப எடுத்து வைக்கிறார்கள்?

தூக்கிப் போட்டதற்குக் காரணம் இருந்தது. 1989இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 கார் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளோடு வந்தது. வலது பக்கம் இழுத்தால் மேல் கியர், இடது பக்கம் இழுத்தால் கீழ் கியர். பிரேசிலில் நடந்த அந்த சீசனின் முதல் பந்தயத்தை அந்த வண்டி முடிக்கும் என்று அதை ஓட்டிய நைஜல் மேன்செல்லே நம்பவில்லை, வீட்டுக்குத் திரும்பச் சீக்கிரமான விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தார் என்பார்கள். கடைசியில் ஜெயித்தது அவர்தான். 1997இல் அந்தத் துடுப்புகள் ஃபெராரியின் எஃப்355 என்ற சாலைக் கார் மூலம் சாலைக்கு வந்தன. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32வில் இரட்டை கிளட்ச் வந்தது. ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. நீங்கள் மூன்றில் போகும்போதே நாலாவது தயாராகக் காத்திருக்கும். இதோடு எந்த மனிதக் கையும் போட்டி போட முடியாது. 2011இல் வந்த லம்போர்கினி அவென்டடாரில் கிளட்ச் பெடல் இல்லை. 2013இல் போர்ஷே 911 ஜிடி3யிலும் இல்லை. ஓட்டுநர்களுக்கென்றே செய்த வண்டி என்று பெயர் எடுத்தது ஜிடி3. அதிலேயே எடுத்துவிட்டார்கள் என்றதும் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் ஒரு சாவு வீட்டு அமைதி.

மூன்றே வருடத்தில் காட்சி மாறியது. 2016இல் போர்ஷே 911 ஆர் என்று ஒன்றை வெளியிட்டது. ஜிடி3 ஆர்எஸ்ஸின் இன்ஜின், ஆறு கியர் மேனுவல் மட்டும், மொத்தம் 991 வண்டிகள். ஒரு நொடியில் விற்றுத் தீர்ந்தது என்பதைவிட, கைமாறும்போது விலை மடங்குக் கணக்கில் ஏறியதைத்தான் மற்ற கம்பெனிகள் கவனித்திருக்கும். அடுத்த வருடமே ஜிடி3யில் மேனுவல் திரும்பி வந்தது. அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். ஆட்டோமேட்டிக்காக மட்டும் 2019இல் வந்த டொயோட்டா ஜிஆர் சுப்ராவுக்கு 2022இல் மூன்றாவது பெடல் கிடைத்தது. பகானி உடோப்பியாவில் ஏழு கியர் மேனுவல். ஆஸ்டன் மார்ட்டின் வேலர், வி12 இன்ஜினோடு, 110 வண்டிகள். மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரை வடிவமைத்த கார்டன் முர்ரே தன் டி.50யில் நிமிடத்துக்கு 12,100 சுற்று சுற்றும் வி12ஐ வைத்து, அதற்கு ஆறு கியர் மேனுவலைப் பொருத்தினார். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. ஃபெராரி துடுப்பைக் கொண்டுவந்த அதே ஃபார்முலா 1 துறையில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர் அவர். வேகத்துக்காக அதைச் செய்திருக்க மாட்டார்.

ஏனென்றால் வேகத்தில் இது தோல்விதான். 992 என்ற தலைமுறையைச் சேர்ந்த இப்போதைய 911 ஜிடி3 இரட்டை கிளட்சில் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.4 நொடியில் தொடும். அதே வண்டி மேனுவலில் 3.9 நொடி. காசைக் கொட்டி வாங்குகிறவர் அரை நொடியைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தோடு இதை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், உங்கள் கைத்திறன் அதற்குத் தேவையில்லை. கியர்பாக்ஸ் அப்படியா? நீங்கள் சொதப்பினால் அதுவும் சொதப்பும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி.

இந்த இடத்தில் என் பழைய தொழிலைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கியர் மாற்றும்போது உள்ளே இரண்டு பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் பற்களை அப்படியே ஒன்றுக்குள் ஒன்று தள்ளினால் கர்ர்ரென்று அலறும். நடுவில் ஒரு வளையம் இருக்கிறது, பெரும்பாலும் பித்தளை. அது கூம்பின் மேல் உரசி, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். வேகம் ஒத்துப்போகும்வரை பற்களை உள்ளே விடாது. லீவரைத் தள்ளும்போது ஒரு கணம் கையில் ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும், பிறகு சட்டென்று உள்ளே விழும். அந்த எதிர்ப்புதான் நான் பதினோரு வருடம் செய்த பொருள். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து வளையத்துக்கும் கியருக்கும் நடுவே இடைவெளி பார்ப்பது என் வேலை. தேய்ந்த வளையம் கியரை நெருங்கி உட்கார்ந்துவிடும், இடைவெளி போய்விடும், பிறகு அது யாரையும் தடுக்காது.

1928இல் காடிலாக் இதைச் சாலைக் கார்களுக்குக் கொண்டுவரும்வரை டிரைவரின் காதுதான் சிங்க்ரோ. எனக்கு அந்த வித்தையும் தெரியும், விருப்பப்பட்டுக் கற்றதல்ல. அப்பாவின் பழைய வேனில் இரண்டாவது கியரின் சிங்க்ரோ செத்துப்போயிருந்தது. கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்து இரண்டு. தப்பாகப் போட்டால் அப்பா திட்ட மாட்டார். "காதால ஓட்டுடா" என்பார், அவ்வளவுதான். பின்னால் நான் அந்த வளையத்தையே செய்யப் போனதற்கு அந்த வேன்தான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த எதிர்ப்பை இன்று நகை செய்வதுபோல் செதுக்குகிறார்கள். சுப்ராவின் கியர் குமிழை 200 கிராம் எடையில் செய்தார்கள். விளையாட்டல்ல, குமிழ் கனமாக இருந்தால் கை கொடுத்த உந்தலிலேயே லீவர் அந்த எதிர்ப்பைத் தாண்டி வழுக்கிப் போகும். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் லீவர் கியர்பாக்ஸின் தலைமேலேயே நிற்கிறது, அதனால்தான் அந்தச் சின்ன வண்டியின் கியர் அவ்வளவு சுத்தமாக விழுகிறது. இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை, கேபிள் வழியாகத்தான் கை பேச வேண்டும். கேபிளிலும் ஜிடி4இல் கொண்டுவந்திருக்கிற கச்சிதத்தைப் பார்த்தபோது, அந்த வளையத்தைச் செய்தவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்றிருந்தது.

குறையும் உண்டு. ஜிடி4இல் இரண்டாவது கியரே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். அதாவது இன்ஜின் உச்சியில் பாட ஆரம்பிப்பதற்குள் பெரும்பாலான பொதுச்சாலைகளின் சட்டத்தை மீறியிருப்பீர்கள். ஆறு கியர் கொடுத்துவிட்டு, இரண்டே கியரில் ஓட்டச் சொல்வது போல. சமையலறை நிறையப் பாத்திரம், அடுப்பில் ஒன்றுதான் வைக்கலாம் என்றால்? இதைப் புரிந்துகொண்டு செய்த வண்டி 2023இல் வந்த 911 எஸ்/டி. ஜிடி3யைவிடக் கியர் விகிதங்களை 8 சதவீதம் குறுக்கினார்கள், அதாவது ஒவ்வொரு கியரும் கொஞ்சம் குறைந்த வேகத்திலேயே உச்சியைத் தொடும். கிளட்ச், ஃப்ளைவீல் இரண்டிலும் சேர்த்து சுற்றும் எடையில் 10.5 கிலோ குறைத்தார்கள். ஆக்சிலேட்டரைக் காலால் தொட்டாலே இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் துள்ளும். நான் ஓட்டியதில்லை, ஓட்டினால் இரண்டல்ல, ஐந்து தடவை ஆஃப் செய்வேன் என்பது மட்டும் நிச்சயம். மொத்தம் 1,963 வண்டிகள்.

இன்னொரு பக்கம் ஒப்பனைகள் நடக்கின்றன. ஹூண்டாய் ஐயோனிக் 5 N ஒரு மின்சார வண்டி. அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது, ஆனால் எட்டு கியர் இருப்பதுபோல் நடிக்கும். கேலி செய்யத்தான் நினைத்தேன், ஓட்டியவர்கள் பாராட்டுவதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோனிக்செக் சிசி850 இதற்கும் மேல். உள்ளே இருப்பது ஒன்பது கியர் பாக்ஸ். அதையே லீவரும் கிளட்ச் பெடலும் வைத்து ஆறு கியர் மேனுவலாகவும் ஓட்டலாம். பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் கணினி. ஆனால் தப்பாக விட்டால் வண்டி ஆஃப் ஆகும், வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்! இதைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எல்லாம் கணினியின் கையில் இருக்கும் வண்டியில், ஆஃப் ஆகும் உரிமையை உட்கார்ந்து யோசித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

வாங்குகிறவருக்கு வேண்டியது அதுதான். இரட்டை கிளட்ச் பெட்டியிடம் தப்பான கியர் கேட்டுப் பாருங்கள், கொடுக்காது. மேனுவல் கொடுத்துவிடும். ஐந்திலிருந்து நாலுக்கு வர நினைத்து அவசரத்தில் லீவர் இரண்டில் விழுந்தால், சக்கரங்களே இன்ஜினைப் பிடித்துச் சுழற்றும். அந்நேரம் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும், சக்கரத்தை அல்ல. வால்வு பிஸ்டனில் மோதலாம், மோதினால் இன்ஜின் காலி. அந்த ஆபத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால்தான், ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடி குதிகாலால் ஆக்சிலேட்டரைத் தட்டி, நாலிலிருந்து மூன்று பிசிறில்லாமல் விழும்போது அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று எனக்கு அது ஏழெட்டு முறை சரியாக விழுந்தது. பெருமையோடு நண்பரைப் பார்த்தேன். "ஆட்டோ பிளிப் ஆன்ல இருக்கு" என்றார். கீழ் கியருக்கு வரும்போது ரேஸைத் தானே கொடுத்துவிடும் பட்டன் அது. என் குதிகால் இத்தனை நேரம் சும்மா ஆடியிருக்கிறது. அணைத்தேன். அடுத்த வளைவில் மூன்றைப் போட்டு கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் கீச்சென்றன, வண்டி முழுக்க ஒரு உதறல்.

அடுத்த மாதம் மறுபடி சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டனை அணைத்தே வைக்கப் போகிறேன். கிளட்ச் அவருடையதுதானே.