தூங்காத லேப்டாப்

வெள்ளிக்கிழமை மாலை 90 சதவீத சார்ஜோடு மூடிப் பையில் வைத்த லேப்டாப். திங்கள் காலை மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திறந்தால் உயிரே இல்லை. சார்ஜரையும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன், அதனால் பக்கத்து சீட் அண்ணனின் மெஷினில்தான் டெமோ காட்டினோம்.

என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ், அதனால் முதலில் அதன் மையப் புரோகிராமான கர்னலைத் திட்டினேன். முந்தின வாரம்தான் அப்டேட் போட்டிருந்தேன், பழையதற்குத் திரும்பிப் பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. எந்தெந்தத் தூக்க வகை உண்டு என்று காட்டும் மெம்_ஸ்லீப் ஃபைலைப் பார்த்தால் எஸ்2ஐடில் என்ற வகை மட்டும்தான் இருந்தது, என் பழைய லேப்டாப்பில் இருந்த டீப் இதில் கிடையாது. டீப் என்றால் கிட்டத்தட்ட ரேமுக்கு மட்டும் கரண்ட் போகும். எஸ்2ஐடில் அப்படியில்லை, புரோகிராம்களை அப்படியே உறையவைத்து, ஒவ்வொரு டிவைஸிடமும் அடங்கச் சொல்லி, பிராசசரைச் சும்மா உட்கார வைக்கும், அவ்வளவுதான். ஏதோ ஒன்று அடங்காவிட்டால் மொத்த சிப்பும் அரைத்தூக்கம்தான். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்த பிறகும் ஒரு பெரியப்பா கதை பேசிக்கொண்டே இருப்பாரே, அந்த மாதிரி.

சரி, யார் அந்தப் பெரியப்பா? ப்ளூடூத், வைஃபை, எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து நான்கு இரவுகள் வீண். தூங்க வைக்கும் முன்பும் காலையில் எழுந்ததும் பேட்டரி அளவைக் குறித்து வைத்தேன். 55 வாட்-ஹவர் பேட்டரியில் 12 மணி நேரத்துக்கு 35 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1.6 வாட்.

"தம்பி, டிவி, புரொஜெக்டர் மாட்டப் பக்கவாட்டுல செருகியிருக்கியே ஒரு எச்டிஎம்ஐ கார்டு, அதக் கழட்டிட்டுப் பாரு" என்றார் அண்ணன். கேபிளே மாட்டாத கார்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அது வெறும் ஓட்டை இல்லை, லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் வகைப் படச் சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்ற உள்ளே ஒரு சிப் உண்டு, டிவி இல்லாவிட்டாலும் அது விழித்தே இருந்திருக்கிறது. கழற்றி வைத்த இரவு 10 சதவீதம்தான் போனது, அரை வாட்டுக்கும் குறைவு.

மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவியில், சும்மா இருக்கும் டிவைஸ்களைத் தானாகத் தூங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்டை எல்லாம் ஏற்கெனவே இயக்கித்தான் வைத்திருந்தேன், அது இந்தக் கார்டிடம் பலிக்கவில்லை. இப்போது இரண்டு மணி நேரம் தூங்கியதும் தானாக ஹைபர்நேட் ஆகும்படி, அதாவது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி, லினக்ஸின் சிஸ்டம்டி செட்டிங்கில் வைத்துவிட்டேன். கார்டு பையின் சின்ன ஜிப்பில் கிடக்கிறது. போன மீட்டிங்கில் புரொஜெக்டர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜிப்பைத் தேடியதில் எல்லோருக்கும் ஒரு ரவுண்டு டீ முடிந்துவிட்டது.